சிறு வயதில் ஏடிஎச்டி... இப்போது பைலட் ஆக முடியுமா? அமெரிக்க மருத்துவச் சான்றிதழ் விதிகள் சொல்வது என்ன?

இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். "ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான், சொல்றதைக் கவனிக்க மாட்டேங்கிறான்" என்று டீச்சர் புகார் சொல்கிறார். பெற்றோர் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். 'ஏடிஎச்டி' என்று எழுதி மாத்திரை கொடுக்கிறார் டாக்டர். இரண்டு வருடம் சாப்பிடுகிறான். பிறகு நிறுத்திவிடுகிறார்கள். எல்லோரும் அதை மறந்தும்போகிறார்கள்.

10 வருடம் கழித்து அதே பையன் பைலட் ஆக வேண்டும் என்று ஃபிளையிங் ஸ்கூலுக்குப் போகிறான். அங்கே மருத்துவச் சான்றிதழுக்காக ஒரு படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். அதில் ஒரு கேள்வி: "உங்கள் வாழ்நாளில் எப்போதாவது மனநலம் சார்ந்த பாதிப்பு எதுவும் கண்டறியப்பட்டதா?"

கேட்பது கடந்த ஆண்டைப் பற்றியோ, கடந்த 5 ஆண்டுகளைப் பற்றியோ அல்ல. 'வாழ்நாளில் எப்போதாவது'. இந்த ஒரு வார்த்தையில்தான் சிக்கலே தொடங்குகிறது.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஏராளம். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 2022ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து வெளியிட்ட கணக்கின்படி, 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் சுமார் 70 லட்சம் பேருக்கு எப்போதாவது ஏடிஎச்டி கண்டறியப்பட்டிருக்கிறது. அதாவது 11.4 சதவீதம். ஒன்பது பிள்ளைகளில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவர்களில் விமானம் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்கு வழி இருக்கிறதா? மாத்திரையை நிறுத்திவிட்டால் போதுமா? சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏடிஎச்டி என்றால் என்ன?

கவனக் குறைவு, அதீதத் துறுதுறுப்பு, யோசிக்காமல் சட்டென்று செயல்படுவது. இந்த மூன்றும்தான் இதன் முக்கிய அடையாளங்கள். மூன்றும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை. சிலர் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் மனம் வேறு எங்கோ இருக்கும். சிலருக்குக் கை, கால் ஓயாது.

எல்லாக் குழந்தைகளும் ஓரளவு இப்படித்தானே என்று கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் மருத்துவர்கள் சில நிபந்தனைகளைப் பார்க்கிறார்கள். மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும்.

இது புத்திசாலித்தனம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நன்றாகப் படிப்பவர்களுக்கும் ஏடிஎச்டி இருக்கலாம். சிலருக்கு வளர வளர அறிகுறிகள் குறைந்துவிடும். சிலருக்குப் பெரியவர்களான பிறகும் தொடரும். இன்னும் சிலருக்கு ஆரம்பத்தில் சொன்னதே தவறாக இருந்திருக்கும். இந்த மூன்று வகையினரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் விமானத் துறையின் கவலை.

இதற்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

1972 டிசம்பர் 29 இரவு. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 என்ற விமானம் மியாமியில் தரையிறங்கத் தயாரானது. முன்சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறிய விளக்கு எரியவில்லை. விமானிகள் விமானத்தை 2,000 அடி உயரத்தில் ஆட்டோ பைலட்டில் பறக்கவிட்டு, அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ பைலட்டின் உயரக் கட்டுப்பாடு விலகி, விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து நொறுங்கியது. 101 பேர் இறந்தார்கள்.

அந்த விமானிகளுக்கு ஏடிஎச்டி இருந்ததாக எந்தத் தகவலும் இல்லை. அவர்கள் சாதாரண மனிதர்கள்தான். கவனம் ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் நல்ல நிலையில் இருக்கும் ஒரு விமானமே விழும் என்பதற்கு இந்த விபத்து உதாரணமாகச் சொல்லப்படுகிறது.

10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் வேலைக்குத் தேவையில்லாத பேச்சு எதையும் பேசக்கூடாது என்ற விதியை 1981இல் அமெரிக்கா கொண்டுவந்ததும் இதே காரணத்துக்காகத்தான். கவனம் சிதறுவது விமானத் துறையில் அவ்வளவு பெரிய விஷயம். ஆகவே 'கவனக் குறைவு' என்று பெயரிலேயே இருக்கும் ஒரு பாதிப்பை அதிகாரிகள் சும்மா கடந்துபோக மாட்டார்கள்.

சட்டம் நேரடியாகத் தடை செய்கிறதா?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அமெரிக்காவில் பைலட்டுகளுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு எஃப்.ஏ.ஏ. இதன் மருத்துவ விதிகளில், இருந்தாலே தகுதி இல்லை என்று 15 பாதிப்புகள் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளன. வலிப்பு, மாரடைப்பு, பைபோலார், போதைப்பொருள் அடிமைத்தனம் போன்றவை அதில் வரும். ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியென்றால் பிரச்சினை இல்லையா? அப்படியும் இல்லை. பட்டியலில் இல்லாத மனநலப் பாதிப்பும், சாப்பிடும் மருந்தும் விமானம் ஓட்டுவதற்குப் பாதுகாப்பற்றது என்று எஃப்.ஏ.ஏ. கருதினால் சான்றிதழை மறுக்கலாம் என்று பொதுவான விதி இருக்கிறது. ஏடிஎச்டி இந்த விதியின் கீழ்தான் வருகிறது.

சுருக்கமாகச் சொன்னால், கதவு பூட்டப்படவில்லை. ஆனால் திறந்தும் இல்லை. தட்டித்தான் உள்ளே போக வேண்டும்.

மருத்துவச் சான்றிதழில் 3 வகுப்புகள் உள்ளன. விமான நிறுவனத்தில் கேப்டனாகப் பறக்க முதல் வகுப்பு வேண்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் மற்ற வேலைகளுக்கு இரண்டாம் வகுப்பு. சொந்த விருப்பத்துக்குப் பறப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் மூன்றாம் வகுப்பு. ஏடிஎச்டி பற்றிய கேள்வி மூன்றுக்கும் பொது. "நான் சும்மா பொழுதுபோக்குக்குத்தானே ஓட்டப்போறேன்" என்று சொன்னாலும் அதே கேள்விதான்.

மாத்திரை சாப்பிட்டால் கவனம் கூடுமே, அப்புறம் ஏன் தடை?

நியாயமான கேள்வி. ரிட்டலின், அட்டரால், வைவான்ஸ் போன்ற மருந்துகள் பலருக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே விமானம் ஓட்ட எஃப்.ஏ.ஏ. அனுமதிப்பதில்லை. ஸ்டிராட்டெரா போல ஊக்க மருந்து வகையைச் சேராத மாத்திரைக்கும் இதே நிலைதான்.

ஏடிஎச்டியும் அதற்குக் கொடுக்கப்படும் மருந்துகளும் விமானியின் சிந்திக்கும் திறனைப் பாதிக்கலாம் என்பது எஃப்.ஏ.ஏ.வின் நிலைப்பாடு. நடைமுறையில் யோசித்தாலும் சில சிக்கல்கள் புரியும். மாத்திரையின் வீரியம் சில மணி நேரத்தில் குறையும். விமானம் தாமதமாகலாம், வேறு ஊருக்குத் திருப்பி விடப்படலாம். காலையில் போட்ட மாத்திரை வேலை முடியும்வரை தாங்கும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. தூக்கம் கெடுவது, இதயத் துடிப்பு கூடுவது போன்ற பக்கவிளைவுகளும் சிலருக்கு வரும்.

இன்னொரு பக்கம், மாத்திரை இருந்தால்தான் கவனம் நிற்கும் என்றால், அது இல்லாத நேரத்தில் அந்த நபர் எப்படி இருப்பார் என்ற கேள்வியும் எழுகிறது. அதனால்தான் எஃப்.ஏ.ஏ. பார்க்க விரும்புவது ஒன்றே ஒன்றைத்தான்: மருந்து இல்லாமல் இவருடைய மூளை எப்படி வேலை செய்கிறது?

2023இல் வந்த மாற்றம் என்ன?

முன்பெல்லாம் ஏடிஎச்டி என்று ஒரு வார்த்தை ஃபைலில் இருந்தாலே, சிறப்புப் பயிற்சி பெற்ற நரம்பியல் உளவியல் நிபுணரிடம் போய் முழுப் பரிசோதனையும் செய்ய வேண்டியிருந்தது. 7 வயதில் 6 மாதம் மாத்திரை சாப்பிட்டவருக்கும், போன மாதம்வரை சாப்பிட்டவருக்கும் ஏறக்குறைய ஒரே பாதை.

2023இல் எஃப்.ஏ.ஏ. இதை இரண்டாகப் பிரித்தது. ஒன்று 'ஃபாஸ்ட் டிராக்', இன்னொன்று 'ஸ்டாண்டர்ட் டிராக்'.

ஃபாஸ்ட் டிராக் யாருக்கு?

கடந்த 4 ஆண்டுகளாக ஏடிஎச்டி மருந்து எதுவும் எடுத்திருக்கக் கூடாது. அந்த 4 ஆண்டுகளில் அறிகுறிகளோ, படிப்பிலும் வேலையிலும் அதனால் தடுமாற்றமோ இருந்திருக்கக் கூடாது. மன அழுத்தம், பதற்றம் போன்ற வேறு மனநலச் சிக்கல்கள் சேர்ந்திருந்தாலும் இந்தப் பாதை கிடைக்காது.

தகுதி உள்ளவர்கள், உரிமம் பெற்ற உளவியல் நிபுணர் ஒருவரிடம் மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். அவர் நேரில் பேசிப் பார்ப்பார். பழைய மருத்துவக் குறிப்புகள், மதிப்பெண் பட்டியல், வேலை தொடர்பான ஆவணங்களைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். எல்லாம் சரியாக இருந்தால், விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவரே சான்றிதழ் கொடுத்துவிடலாம். ஃபைல் எஃப்.ஏ.ஏ. தலைமைக்குப் போய்க் காத்திருக்க வேண்டியதில்லை.

தொடக்கத்தில் பார்த்த அந்தப் பையனின் கதைக்கு இந்தப் பாதைதான் பொருந்தும்.

ஸ்டாண்டர்ட் டிராக் யாருக்கு?

4 ஆண்டுகளுக்குள் மருந்து எடுத்தவர்கள், அறிகுறி இருந்தவர்கள், வேறு மனநலப் பாதிப்பும் சேர்ந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் வர வேண்டும். பரிசோதனைக்கு முன் குறைந்தது 90 நாட்கள் மருந்து இல்லாமல் இருக்க வேண்டும். 'ஹிம்ஸ்' திட்டத்தில் பயிற்சி பெற்ற நரம்பியல் உளவியல் நிபுணர்தான் பரிசோதிக்க வேண்டும். மருந்து உடம்பில் இல்லை என்பதைக் காட்ட, டெஸ்ட் நடக்கும் நேரத்தையொட்டி 24 மணி நேரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு.

அறிக்கை வந்த பிறகு பரிசோதனை மருத்துவர் தானாக முடிவெடுக்க முடியாது. முடிவெடுப்பது எஃப்.ஏ.ஏ.தான். இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

டெஸ்டில் என்ன செய்யச் சொல்வார்கள்?

இதில் முக்கியமானது 'காக்ஸ்கிரீன்-ஏஇ' என்ற கம்ப்யூட்டர் பரிசோதனை. விமானிகளை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டது. திரையில் வருவதை ஞாபகம் வைப்பது, ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்வது, எவ்வளவு வேகமாக, எவ்வளவு சரியாகப் பதில் சொல்கிறார் என்று பார்ப்பது எல்லாம் இதில் உண்டு. கிடைக்கும் மதிப்பெண்ணை மற்ற பைலட்டுகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள்.

இதனுடன் அறிவுத்திறன் பரிசோதனை, சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோடு போட்டு இணைக்கும் பரிசோதனை, நீண்ட நேரம் சலிப்பான ஒரு வேலையைக் கவனம் தப்பாமல் செய்யும் பரிசோதனை என்று பலவும் இருக்கும். சுருக்கமாக, கவனம், நினைவாற்றல், திட்டமிடும் திறன், அவசரப்படாமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் ஆகியவற்றைத் தனித்தனியாக அளக்கிறார்கள்.

பரிசோதனை மட்டும் போதாது. பழைய ஆவணங்களும் அதே அளவு முக்கியம். பள்ளியில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கப்பட்டதா? மருந்து எப்போது தொடங்கியது, எப்போது, ஏன் நிறுத்தப்பட்டது? வாகனம் ஓட்டி அடிக்கடி அபராதம் கட்டியிருக்கிறாரா? இவையெல்லாம் கேட்கப்படும். டெஸ்டில் நல்ல மதிப்பெண் வந்து, ஆவணங்கள் வேறு கதை சொன்னால் மீண்டும் கேள்வி வரும்.

முடிவு இரண்டு விதமாக விண்ணப்பதாரருக்குச் சாதகமாக அமையலாம். ஒன்று, சிறு வயதில் சொன்னதே தவறு, இவருக்கு ஏடிஎச்டி இல்லை என்று நிபுணர் சொல்லலாம். இன்னொன்று, அப்போது இருந்தது, ஆனால் இப்போது விமானம் ஓட்டத் தடையாக எந்தக் குறைபாடும் இல்லை என்று சொல்லலாம். இரண்டிலும் சான்றிதழ் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இது பொருளாதார ரீதியாகவும் சுமைதான். முழுப் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். இது சிகிச்சை இல்லை, உரிமத்துக்கான பரிசோதனை. எனவே மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது.

மறைத்துவிட்டால் என்ன?

"சின்ன வயசுல நடந்தது, யாருக்குத் தெரியப்போகுது?" என்று நினைப்பவர்கள் உண்டு. சில ஃபிளையிங் ஸ்கூல் நண்பர்களே அப்படி யோசனை சொல்லவும் கூடும். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான் இது.

எஃப்.ஏ.ஏ. படிவத்தில் தெரிந்தே பொய் சொல்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 5 ஆண்டுகள்வரை சிறை, 2,50,000 டாலர்வரை அபராதம் விதிக்கப்படலாம் என்று படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதோடு மருத்துவச் சான்றிதழ் மட்டுமல்ல, பைலட் உரிமங்களையும் சேர்த்து ரத்து செய்ய எஃப்.ஏ.ஏ.வுக்கு அதிகாரம் உண்டு.

மாட்டிக்கொள்வது நடக்காத காரியமும் இல்லை. 2023 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. முன்னாள் ராணுவ வீரர்களாக இருந்து பைலட் ஆனவர்களில் கிட்டத்தட்ட 5,000 பேர், உடல்நலம், மனநலப் பாதிப்புகளுக்காக அரசிடம் உதவித்தொகை வாங்கிக்கொண்டு, எஃப்.ஏ.ஏ.விடம் அதைச் சொல்லவில்லை என்ற சந்தேகத்தில் விசாரிக்கப்பட்டார்கள். இரண்டு அரசுத் துறைகளின் தகவல்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் இது வெளியே வந்தது. பாதிப் பேரின் ஃபைல்கள் பின்னர் முடித்துவைக்கப்பட்டன. ஆனால் சுமார் 60 பேர் உடனடியாகப் பறப்பதை நிறுத்தும்படி உத்தரவிடப்பட்டார்கள்.

மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 19 வயதில் மறைத்தது, 35 வயதில் ஏர்லைன்ஸ் வேலையும் வீட்டுக் கடனும் குடும்பமும் இருக்கும்போது வெளியே வந்தால் இழப்பு பல மடங்கு. தொடக்கத்திலேயே சொன்னவருக்கு ஒரு வருடம் தாமதமாகலாம். மறைத்தவருக்கு வேலையே போகலாம்.

'சப்மிட்' பட்டனைத் தட்டும் முன் என்ன செய்ய வேண்டும்?

இந்த விஷயத்தில் பலரும் செய்யும் தவறு, தயாராவதற்கு முன்பே விண்ணப்பிப்பது. வரிசை முக்கியம்.

முதலில், பழைய மருத்துவக் குறிப்புகளை வாங்க வேண்டும். குழந்தைப் பருவ டாக்டர், பள்ளி, மருந்துக் கடை என்று எங்கெல்லாம் பதிவு இருக்குமோ அங்கெல்லாம் கேட்க வேண்டும். "என்ன எழுதியிருக்கார்னே தெரியாது" என்ற நிலையில் விண்ணப்பிப்பது ஆபத்து. சிலர் குறிப்பைப் பார்த்த பிறகுதான், டாக்டர் உறுதியாக எழுதவே இல்லை, 'இருக்கலாம்' என்று மட்டும் எழுதினார் என்பதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது, விமானிகளைப் பரிசோதிக்கும் அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் ஆலோசனைக்கு மட்டும் போக வேண்டும். பரிசோதனைக்கு அல்ல. "இது கன்சல்டேஷன் மட்டும்தான்" என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? விண்ணப்பம் 'மெட்எக்ஸ்பிரஸ்' என்ற இணையதளத்தில் நிரப்பப்படுகிறது. முடித்ததும் ஒரு உறுதிப்படுத்தல் எண் வரும். அந்த எண்ணை வைத்து மருத்துவர் விண்ணப்பத்தைத் திறந்துவிட்டால், பிறகு "வேண்டாம், அப்புறம் வரேன்" என்று திரும்ப முடியாது. கொடுப்பது, மறுப்பது, எஃப்.ஏ.ஏ. முடிவுக்கு அனுப்புவது என்று மூன்றில் ஒன்று நடந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, ஃபாஸ்ட் டிராக்கா, ஸ்டாண்டர்ட் டிராக்கா என்பதை அந்த மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்து, தேவையான அறிக்கைகள் கைக்கு வந்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

நான்காவது, பணம். பயிற்சியாளரோடு சேர்ந்து பறந்து பழக மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. தனியாகப் பறக்கத்தான் தேவை. அதனால் பலர் பெரிய தொகையைக் கட்டிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டு, பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். பைலட் வேலைதான் இலக்கு என்றால், முதல் செலவு மருத்துவச் சான்றிதழுக்காக இருப்பது நல்லது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்?

அதோடு முடிந்துவிடாது. பரிசோதனை மருத்துவர் மறுத்தால் 30 நாட்களுக்குள் எஃப்.ஏ.ஏ.விடம் மறுபரிசீலனை கேட்கலாம். எஃப்.ஏ.ஏ.வின் இறுதி முடிவை எதிர்த்து என்.டி.எஸ்.பி. அமைப்பிடம் முறையிடவும் வழி உள்ளது. புதிய பரிசோதனை அறிக்கைகளோடு பின்னர் மீண்டும் விண்ணப்பிக்கவும் செய்யலாம்.

ஆனால் நிராகரிப்புக்கு ஒரு விலை இருக்கிறது. அமெரிக்காவில் சிறிய 'ஸ்போர்ட்' வகை விமானங்களை மருத்துவச் சான்றிதழ் இல்லாமல், கார் ஓட்டுநர் உரிமத்தை வைத்தே ஓட்டலாம். ஆனால் கடைசியாகப் போட்ட மருத்துவ விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் இந்த வழியும் மூடிவிடும். 2017 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள 'பேசிக்மெட்' என்ற எளிய ஏற்பாட்டுக்கும் இதே நிபந்தனை உண்டு. அதாவது, அவசரப்பட்டு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவரைவிட, விண்ணப்பிக்காமலே இருப்பவருக்குக் கூடுதல் வழிகள் இருக்கின்றன.

அதற்காக, தன்னால் பாதுகாப்பாக ஓட்ட முடியாது என்று தெரிந்தும் இந்த வழிகளில் நுழையலாம் என்று அர்த்தம் இல்லை. அதையும் விதி தடை செய்கிறது.

லைசென்ஸுக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை.

மாத்திரை சிலருக்குப் படிப்பு, வேலை, குடும்பம் எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் கல்லூரித் தேர்விலோ, ரோட்டில் கார் ஓட்டும்போதோ பாதிப்பு தெரியலாம். 90 நாட்கள் மருந்து இல்லாமல் இருக்க வேண்டும் என்பது பரிசோதனைக்கான நிபந்தனைதான். அது எல்லோருக்குமான மருத்துவ ஆலோசனை இல்லை.

டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்திப் பார்த்து, அன்றாட வாழ்க்கை தடுமாறாமல் போகிறது என்றால் அது நல்ல அறிகுறி. தடுமாறுகிறது என்றால், உடம்பு சொல்லும் அந்தச் செய்தியையும் கேட்கத்தான் வேண்டும். விமானம் ஓட்டுவது ஒன்றுதான் விமானத் துறை இல்லை. விமானப் பராமரிப்பு, வடிவமைப்பு, விமான நிலைய நிர்வாகம், விமானங்களின் பயணத்தைத் திட்டமிடும் வேலை என்று வானத்தோடு சேர்ந்த வேலைகள் நிறைய உண்டு.

இந்த விதிகள் மீது என்ன விமர்சனம்?

பயந்துகொண்டு சிகிச்சையே எடுக்காமல் இருப்பவர்களை இந்த விதிகள் உருவாக்குகின்றன என்பது பொதுவான விமர்சனம். "டாக்டரிடம் போனால் ரெக்கார்டு ஆகிவிடும், ரெக்கார்டு ஆனால் லைசென்ஸ் போய்விடும்" என்ற பயம் விமானிகளிடம் இருக்கிறது. பிள்ளைக்கு விமானம் என்றால் உயிர் என்று தெரிந்த பெற்றோர், உண்மையிலேயே தேவைப்படும் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே மலையில் மோதியதில் 150 பேர் இறந்தார்கள். அவருக்கு இருந்தது ஏடிஎச்டி இல்லை. அது முற்றிலும் வேறு விஷயம். ஆனால் தன் மனநலப் பாதிப்பை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். கேள்வியே கேட்காமல் விட முடியாது என்று அதிகாரிகள் சொல்வதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

கேள்வி கேட்க வேண்டும், ஆனால் உண்மையைச் சொன்னவர் தண்டிக்கப்பட்டது போல உணரக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தேடித்தான் எஃப்.ஏ.ஏ. அமைத்த விமானிகளின் மனநலம் பற்றிய நிபுணர் குழு, 2024 ஏப்ரலில் தன் பரிந்துரைகளைக் கொடுத்தது. ஃபாஸ்ட் டிராக்கையும் இதே திசையில் எடுத்துவைக்கப்பட்ட ஒரு அடியாகப் பார்க்கலாம்.

இங்கிருந்து அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு?

தமிழ்நாட்டிலிருந்தும் மாணவர்கள் அமெரிக்காவுக்குப் போய் விமானப் பயிற்சி எடுக்கிறார்கள். அங்கே தனியாகப் பறக்க எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் 'வாழ்நாளில் எப்போதாவது' என்ற கேள்வி, சென்னையிலோ மதுரையிலோ பார்த்த டாக்டரையும் சேர்த்துத்தான் கேட்கிறது. இந்தியாவில் நடந்தது அங்கே கணக்கில் வராது என்று நினைக்கக் கூடாது.

திரும்பி வந்து இந்தியாவில் வேலை செய்ய டிஜிசிஏவின் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் தனியாக வேண்டும். அமெரிக்காவில் கிடைத்துவிட்டதால் இங்கே தானாகக் கிடைத்துவிடாது. எனவே இது போன்ற மருத்துவ வரலாறு உள்ளவர்கள், விசாவுக்கும் கட்டணத்துக்கும் பணம் கட்டும் முன்பே இரண்டு நாட்டுச் சான்றிதழ்களைப் பற்றியும் அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

மொத்தத்தில்...

சிறு வயதில் ஏடிஎச்டி என்று எழுதப்பட்டதால் மட்டும் விமானி ஆகும் கனவு முடிந்துவிடாது. 4 ஆண்டுகளாக மருந்தும் அறிகுறியும் இல்லாதவர்களுக்கு அமெரிக்காவில் இப்போது பாதை எளிதாகியிருக்கிறது. மற்றவர்களுக்கும் பாதை இருக்கிறது, நீளமானது, செலவு பிடிக்கக்கூடியது. மருந்து இருந்தால்தான் சமாளிக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இன்றைய விதிகளின்படி அனுமதி இல்லை.

அந்தப் படிவத்தின் கேள்விக்கு நேரான பதில் 'ஆமாம்' என்றால், 'ஆமாம்' என்றே எழுதலாம். அதற்கு முன் அந்த 'ஆமாம்'க்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டால் போதும்.